ஒரே பெயரில் இரு கணினிகள்: பிணையக் கோப்பமைப்பில் அடையாள மோதல்

ஒரு கணினியின் வட்டில் இருக்கும் கோப்புகளை மற்றக் கணினிகள் தங்கள் சொந்த வட்டில் இருப்பவை போலவே திறக்கவும் எழுதவும் வழிசெய்வது பிணையக் கோப்பமைப்பு. கோப்புகளை வைத்திருந்து வழங்கும் கணினி சர்வர். அவற்றை எடுத்தாளும் கணினி கிளையன்ட். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்எஃப்எஸ் இவ்வகை ஏற்பாடுகளில் மூத்த ஒன்று. இன்றும் பரவலாகப் புழங்குவது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள், அனிமேஷன் படப்பணி நடக்கும் கணினிப் பண்ணைகள், மேகக் கணினிச் சேவைகள் எனப் பல இடங்களில், ஒரே கோப்பகத்தை நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றன.

பலர் தொடும் கோப்புக்கு ஒழுங்கு தேவை. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே இடத்தில் எழுதிவிடாமல் இருக்கப் பூட்டு உண்டு. பூட்டு என்று ஒன்று வந்துவிட்டால் அதைப் போட்டது யார் என்பதும் சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளையன்ட் தன்னைப் பற்றித் தானே சொல்லும் அடையாளத்தை வைத்துத்தான் சர்வர் இதை அறிகிறது. இரண்டு கணினிகள் ஒரே அடையாளத்தைச் சொன்னால் ஒன்றின் பூட்டை மற்றொன்று அறியாமலே உடைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராமலே தரவு கெட்டுப்போகவும் கூடும். இந்த மோதல் எப்படி உண்டாகிறது, சர்வர் அதை எப்படிக் கையாள்கிறது, எப்படித் தடுக்கலாம் என்பதை என்எஃப்எஸ்-இன் நான்காம் பதிப்பை வைத்துத் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம்.

நினைவு வைக்காத சர்வர்

என்எஃப்எஸ்-இன் பழைய பதிப்புகளில் சர்வர் கிளையன்ட்களைப் பற்றி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 1989-இல் ஆர்எஃப்சி 1094 என்ற இணைய வரையறை ஆவணமாக வெளியான இரண்டாம் பதிப்பும், 1995-இல் ஆர்எஃப்சி 1813 ஆக வந்த மூன்றாம் பதிப்பும் இந்தக் கொள்கையில் அமைந்தவை. எந்தக் கோப்பு, எந்த இடத்திலிருந்து, எத்தனை பைட்டுகள் என்ற விவரங்கள் எல்லாம் ஒவ்வொரு கோரிக்கையிலும் முழுமையாக இருக்கும். சர்வர் பதில் சொல்லிவிட்டு அதை மறந்துவிடலாம். நடுவில் சர்வர் நின்று மீண்டும் எழுந்தாலும் கிளையன்ட் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் போதும். எளிமையும் உறுதியும் கொண்ட வடிவமைப்பு அது.

ஆனால் பூட்டு என்பதே நினைவில் வைக்க வேண்டிய பொருள். எனவே பூட்டு வேலையை என்எஃப்எஸ்-க்கு வெளியே இரண்டு துணை நெறிமுறைகள் ஏற்றன. ஒன்று பூட்டுகளைக் கையாண்டது. மற்றொன்று எந்தக் கணினி நின்று எழுந்தது என்ற செய்தியைப் பரிமாறியது. இரண்டும் கணினிகளை ஹோஸ்ட்நேம் எனப்படும் கணினிப் பெயரைக் கொண்டே அடையாளம் கண்டன. ஒரு கிளையன்ட் ரீபூட் ஆனதும், தன் பெயரைச் சொல்லித் தான் புதிதாக எழுந்ததை அறிவிக்கும். சர்வர் அந்தப் பெயரில் இருந்த பழைய பூட்டுகளை நீக்கும். அறிவிப்பில் வந்த பெயரும் சர்வர் குறித்து வைத்த பெயரும் சற்று வேறுபட்டாலும் பழைய பூட்டுகள் அப்படியே தங்கிவிடும். அடையாளத்தைச் சார்ந்த தொல்லை அப்போதே தொடங்கிவிட்டது.

நினைவு வைக்கும் சர்வர்

1998-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நான்காம் பதிப்பின் உருவாக்கம் சன் நிறுவனத்திடமிருந்து இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. முதல் வரையறை 2000-இல் வெளியாயிற்று. 2003-இல் ஆர்எஃப்சி 3530, 2015-இல் ஆர்எஃப்சி 7530 ஆகியவை அதைச் செம்மைப்படுத்தின. 4.1 பதிப்பு 2010-இல் ஆர்எஃப்சி 5661 ஆக வந்து, 2020-இல் ஆர்எஃப்சி 8881 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. 4.2 பதிப்பின் கூடுதல் வசதிகளை 2016-இன் ஆர்எஃப்சி 7862 விவரிக்கிறது.

நான்காம் பதிப்பு பூட்டை முதன்மை நெறிமுறைக்குள்ளேயே கொண்டுவந்தது. அதனால் சர்வர் மூன்று வகையான விவரங்களை நினைவில் வைக்க வேண்டியதாயிற்று. எந்தக் கிளையன்ட் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்பது முதலாவது. கோப்பின் எந்தப் பகுதியை யார் பூட்டியிருக்கிறார் என்பது இரண்டாவது. மூன்றாவது ஒப்படைப்பு: ஒரு கோப்பை வேறு யாரும் தொடாதவரை, கிளையன்ட் சர்வரை ஒவ்வொரு முறையும் கேட்காமல் தன்னிடமே வைத்து வேலை செய்ய அளிக்கும் அனுமதி. இந்த மூன்றும் ஒரு குறிப்பிட்ட கிளையன்டின் பெயரில் பதிவாகின்றன. கிளையன்ட் யார் என்பதில் குழப்பம் வந்தால் பதிவு முழுவதுமே குழம்பும்.

இந்தப் பதிவுகள் என்றென்றைக்கும் நிற்பவை அல்ல. குத்தகைக் காலத்துக்கு உட்பட்டவை. லினக்ஸ் சர்வரில் வழக்கமான குத்தகை 90 நொடி. கிளையன்ட் அதற்குள் ஒரு முறையாவது சர்வரைத் தொடர்புகொண்டால் குத்தகை புதுப்பிக்கப்படும். மின்சாரம் போயோ பிணையம் அறுந்தோ கிளையன்ட் மௌனமானால், குத்தகை முடிந்த பிறகு அதன் பூட்டுகளை நீக்கிப் பிறருக்கு வழிவிடச் சர்வருக்கு உரிமை உண்டு. 2022-இல் வெளியான லினக்ஸ் 5.19 முதல் அதன் சர்வர் இதில் சற்றுப் பொறுமை காட்டுகிறது. குத்தகை முடிந்தாலும், அந்தப் பூட்டு வேறு யாருக்கும் இடையூறாக இல்லாதவரை அதிகபட்சம் ஒரு நாள் வைத்திருக்கிறது. யாராவது அதே பூட்டைக் கேட்டால் உடனே விடுவிக்கிறது.

சர்வரே ரீபூட் ஆனால் நினைவிலிருந்த பூட்டுகள் போய்விடும். அதற்காகச் சர்வர் எழுந்தவுடன் ஒரு சலுகைக் காலம் தருகிறது. அந்த நேரத்தில் புதிய பூட்டு யாருக்கும் கிடையாது. ஏற்கெனவே பூட்டு வைத்திருந்தவர்கள் மட்டும் அதை மீட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே இருந்தவர் யார் என்று தெரியச் சர்வர் கிளையன்ட்களின் பெயர்ப் பட்டியலை வட்டில் எழுதி வைத்திருக்கும். ஆகவே கிளையன்டின் அடையாளம் ஓர் இணைப்பு நேரத்துக்கு மட்டும் உரியதன்று. சர்வர் செத்துப் பிழைத்தாலும் கிளையன்ட் செத்துப் பிழைத்தாலும் அது தொடர வேண்டும்.

அடையாளத்தின் மூன்று பகுதிகள்

கிளையன்ட் முதன்முதலில் சர்வரை அணுகும்போது தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. 4.0 பதிப்பில் ஒரு வகைக் கோரிக்கையாகவும், 4.1-இலிருந்து அடையாளப் பரிமாற்றம் என்ற செயலாகவும் இது நடக்கிறது. அந்த அறிமுகத்தில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது அடையாளச் சரம். இது 1,024 பைட் வரை நீளக்கூடிய எழுத்துத் தொடர். இதுதான் கிளையன்டின் பெயர். உலகில் வேறெந்தக் கிளையன்டும் இதே சரத்தைச் சொல்லக் கூடாது என்பதும், கிளையன்ட் எத்தனை முறை ரீபூட் ஆனாலும் அதே சரத்தையே மீண்டும் சொல்ல வேண்டும் என்பதும் வரையறையின் எதிர்பார்ப்பு.

இரண்டாவது துவக்க எண். 8 பைட் கொண்ட இந்த எண் கிளையன்ட் ஒவ்வொரு முறை எழும்போதும் மாறும். லினக்ஸில் துவக்க நேரத்தைக் கொண்டு இது அமைகிறது. பெயர் அதேதான், ஆனால் துவக்க எண் வேறு என்றால், கிளையன்ட் இடையில் நின்று மீண்டும் எழுந்திருக்கிறது என்று சர்வர் புரிந்துகொள்ளும். எழுந்த கணினிக்குப் பழைய பூட்டுகளைப் பற்றிய நினைவே இருக்காது. எனவே குத்தகை முடியும்வரை காத்திராமல், அந்தப் பூட்டுகளைச் சர்வர் உடனே துடைத்துவிடலாம். மற்றவர்கள் வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது சான்று. கோரிக்கையை அனுப்பியவர் யார் என்று பாதுகாப்பு அடுக்கு சொல்லும் பெயர் அது. கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிச் சான்றும் ரகசியத் திறவுகோலும் இருக்கும். பயனர் எண்ணையும் குழு எண்ணையும் மட்டும் அனுப்பும் பழைய முறையில் எல்லாக் கிளையன்ட்களும் நிர்வாகியின் அதே எண்ணோடு வந்து நிற்கும். அங்கே சான்றால் யாரையும் வேறுபடுத்த முடியாது.

மூன்றையும் பார்த்துவிட்டுச் சர்வர் 64 பிட் கொண்ட ஒரு சுருக்க எண்ணைக் கிளையன்டுக்கு வழங்குகிறது. அதற்குப் பிறகு நடக்கும் எல்லாப் பரிமாற்றமும் அந்த எண்ணின் பேரில்தான்.

மோதல் நடக்கும் விதம்

இரண்டு கணினிகள் ஒரே அடையாளச் சரத்தோடு ஒரே சர்வரை அணுகுவதாகக் கொள்வோம். முதல் கணினி வந்து, கோப்புகளைத் திறந்து, பூட்டுகளும் போட்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவது கணினி வந்து அதே பெயரைச் சொல்கிறது. அது எழுந்த நேரம் வேறு என்பதால் அதன் துவக்க எண்ணும் வேறு. சான்று இருவருக்கும் ஒன்றுதான். இதைப் பார்க்கும் சர்வர், முதல் கணினிதான் ரீபூட் ஆகி வந்திருக்கிறது என்று முடிவு செய்கிறது. வரையறைப்படி அது சரியான முடிவுதான். இரண்டாவது கணினி சர்வரோடு தொடங்கும் தன் தொடர்பை, அதாவது அமர்வை, உறுதிப்படுத்தியதும், முதல் கணினியின் பூட்டுகள், திறப்புகள், ஒப்படைப்புகள் அனைத்தையும் சர்வர் நீக்குகிறது.

முதல் கணினிக்கு இது எதுவும் தெரியாது. அடுத்த கோரிக்கையை அனுப்பும்போதுதான், அப்படி ஓர் அமர்வே இல்லை என்று சர்வர் பதில் சொல்லும். சர்வர் ரீபூட் ஆகியிருக்க வேண்டும் என்று முதல் கணினி எண்ணி, தன்னை மீண்டும் அறிமுகம் செய்கிறது. பெயர் அதேதான், துவக்க எண் இரண்டாவது கணினியினுடையதிலிருந்து மாறுபட்டது. சர்வரின் பார்வையில் அந்தக் கிளையன்ட் மறுபடியும் ரீபூட் ஆகியிருக்கிறது. இப்போது இரண்டாவது கணினியின் பதிவுகள் துடைக்கப்படுகின்றன. அதுவும் சிறிது நேரத்தில் இதையே செய்யும். இரண்டும் ஒன்றையொன்று மாறி மாறித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பல விதமாகத் தெரியும். கோப்பகம் அவ்வப்போது உறைந்து நிற்கும். நிரல்கள் காரணம் புரியாமல் மெதுவாகும். கிளையன்டில் மீட்புப் பணி செய்யும் பின்னணி இழை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். சர்வருக்கும் கிளையன்டுக்கும் இடையே பிணையத்தில் அடையாளப் பரிமாற்றக் கோரிக்கைகள் வரிசையாகப் போய்வரும். இரண்டில் ஒரு கணினியை அணைத்தால் எல்லாம் சீராகிவிடும். மறுபடி இயக்கினால் தொல்லை திரும்பும்.

இந்தத் தாமதம்கூட உண்மையான கேடன்று. ஒவ்வொரு தள்ளுதலிலும் பூட்டு பறிபோகிறது என்பதே கேடு. கோப்பைத் திறந்திருந்த நிலையைக் கிளையன்ட் புதிதாகக் கேட்டுப் பெற்றுவிடலாம். பூட்டை அப்படிப் பெற முடியாது. சலுகைக் காலம் நடப்பில் இல்லாததால் மீட்புக் கோரிக்கையைச் சர்வர் ஏற்காது. புதிய பூட்டாகக் கேட்கலாம் என்றாலும், இடைப்பட்ட நேரத்தில் மூன்றாவது கிளையன்ட் அந்தப் பூட்டைப் பெற்று, கோப்பை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். பூட்டு தொடர்ந்து தன் கையில் இருந்தது என்று நம்பிய நிரல், மாறிப்போன தரவின் மேல் எழுதிவிடும். இந்த அபாயத்தை அறிந்தே லினக்ஸ் கிளையன்ட், பூட்டு இழந்த கோப்பில் எழுதவோ படிக்கவோ முயன்றால் வழக்கமாகப் பிழையைத் திருப்பித் தருகிறது. நிரல் நின்றுபோகும், ஆனால் தரவு தப்பும்.

இதைவிட மோசமான ஒரு வகையும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை அதன் நினைவகத்தோடு சேர்த்து அப்படியே நகலெடுத்தால், பெயரோடு துவக்க எண்ணும் நகலாகிவிடும். அப்போது சர்வருக்கு ரீபூட் என்ற ஐயம்கூட எழாது. இரண்டு கணினிகளும் ஒரே கிளையன்டாகவே கணக்கில் வரும். ஒன்று விடுவிக்கும் பூட்டு மற்றொன்றின் பூட்டாகவும் இருக்கும். கோரிக்கைகளின் வரிசை எண்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இரட்டைகள் தோன்றும் இடங்கள்

ஒரே பெயர் எப்படி இரண்டு கணினிகளுக்கு வருகிறது? லினக்ஸ் கிளையன்ட் 4.1 பதிப்பில் தன் அடையாளச் சரத்தை அமைக்கும் வழக்கம் எளிமையானது: லினக்ஸ் என்றும் என்எஃப்எஸ் பதிப்பு எண்ணும் சொல்லிவிட்டு, அடுத்து ஹோஸ்ட்நேமைச் சேர்க்கும். நிர்வாகம் சீராக உள்ள இடங்களில் ஒவ்வொரு கணினிக்கும் தனி ஹோஸ்ட்நேம் இருக்கும் என்பதால் இது போதுமானதாக இருந்தது. இன்றைய கணினிக் கூடங்களில் அந்த நம்பிக்கை பல வழிகளில் உடைகிறது.

முதல் வழி நகலெடுத்த விர்ச்சுவல் மெஷின்கள். ஒரு மாதிரியைத் தயார்செய்து அதிலிருந்து பத்து, நூறு என்று நகலெடுக்கும்போது, பெயரை மாற்ற மறந்தால் அத்தனையும் ஒரே பெயரோடு எழும். பெயர் வைக்காமலே விட்ட கணினிகள் எல்லாம் லோக்கல்ஹோஸ்ட் என்ற பொதுப் பெயரில் நிற்கும். அப்படிப்பட்ட இரண்டு கணினிகள் ஒரே சர்வரை அணுகினாலே போதும், மோதல் தொடங்கிவிடும்.

இரண்டாவது வழி, ஒரே கணினிக்குள் தனித்தனியாக இயங்கும் கன்டெய்னர்கள். லினக்ஸில் தனிப் பிணையவெளி (தனக்கென்று தனிப் பிணைய அமைப்பு) கொண்ட ஒவ்வொரு கன்டெய்னரும் சர்வரின் கோப்பகத்தைத் தானே இணைத்துக்கொண்டால், அதாவது மவுண்ட் செய்தால், அது தனிக் கிளையன்ட். ஒரே இயந்திரத்திலேயே பல கிளையன்ட்கள் உருவாகின்றன. அவற்றுக்கு வெவ்வேறு பெயர் கிடைக்கும் என்று உறுதியில்லை.

மூன்றாவது வழி வட்டே இல்லாமல் பிணையத்திலிருந்து துவங்கும் கணினிகள். அவற்றின் மூலக் கோப்பமைப்பே என்எஃப்எஸ் வழியாக வருவதால், ஹோஸ்ட்நேம் அமைக்கும் நிரல் ஓடுவதற்கு முன்பே மவுண்ட் நடந்துவிடும். அந்தக் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுப் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு.

நான்காவது வழி ஐபி முகவரி. அடையாளச் சரத்தில் கிளையன்டின் ஐபி முகவரியைச் சேர்ப்பது 4.0 பதிப்புக் காலத்தில் வழக்கமாக இருந்தது. ஆனால் 192.168 என்று தொடங்கும் தனியார் முகவரிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுகின்றன. இரண்டு கிளைகள் முகவரி மாற்றும் ரூட்டருக்குப் பின்னாலிருந்து ஒரே சர்வரை அணுகினால், இரண்டிலும் ஒரே முகவரி கொண்ட கணினி இருக்கலாம். முகவரி கணினிக்கு நிரந்தரமாகச் சொந்தம் என்று கருதக் கூடாது என்பதை வரையறையே வலியுறுத்துகிறது.

சர்வர் மறுக்கும்போது

பெயர் ஒன்றாக இருந்தும் சான்று வேறாக இருந்தால் சர்வரின் முடிவு மாறுகிறது. தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தும் பெயரும் ஒன்றாக அமைந்த இருவரை ஒரு வங்கி கையொப்பத்தைப் பார்த்துப் பிரித்தறிவது போல, இங்கே சான்று பிரித்துக் காட்டுகிறது. ஆர்எஃப்சி 8881 இந்த நிலையைக் கிளையன்ட் மோதல் என்றே தனியாக வகைப்படுத்துகிறது. பழைய கிளையன்டின் குத்தகை உயிரோடு இருந்து, அதன் பெயரில் பூட்டு முதலிய பதிவுகளும் இருந்தால், கிளையன்ட் அடையாளம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழையைச் சர்வர் புதிதாக வந்ததற்குத் தர வேண்டும். பழைய கிளையன்டிடம் பதிவுகள் எதுவும் இல்லை, அல்லது குத்தகை முடிந்துவிட்டது என்றால், அதை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்கலாம்.

இந்தப் பிழையால் இரண்டாவது கணினி மவுண்ட் செய்ய முடியாமல் நிற்கும். நிர்வாகிக்கு அது எரிச்சலாகத் தோன்றினாலும் பெரும் பாதுகாப்பு. வேலை செய்துகொண்டிருக்கும் கணினியின் பூட்டுகள் தப்புகின்றன. தொல்லைக்கான காரணமும் பதிவேட்டில் வெளிப்படையாக எழுதப்படுகிறது. சான்று ஒன்றாக இருக்கும் இடத்தில் சத்தமில்லாமல் நடக்கும் கேடு, சான்று வேறாக இருக்கும் இடத்தில் தெளிவான மறுப்பாக முடிகிறது. இந்தக் காரணத்துக்காக மட்டுமே கூடக் கெர்பரோஸ் அமைப்பது தகும்.

சான்று மாறுவதால் ஒரு கணினி தன்னோடு தானே மோதுவதும் நடக்கும். லினக்ஸ் கிளையன்ட் தன்னிடம் கெர்பரோஸ் திறவுகோல் இருந்தால் அதைக் கொண்டு அறிமுகம் செய்ய முயலும்; கெர்பரோஸ் சேவை இயங்காவிட்டால் பழைய முறைக்கு இறங்கும். ஒரு முறை கெர்பரோஸோடும், ரீபூட் ஆன பின் அது இல்லாமலும் அதே கணினி வந்தால், சர்வருக்கு அது வேறு யாரோ ஒருவர். பழைய குத்தகை முடியும்வரை கதவு திறக்காது. எனவே கெர்பரோஸ் சேவை ஒவ்வொரு துவக்கத்திலும், முதல் மவுண்டுக்கு முன்பே, தவறாமல் எழுவதை உறுதி செய்ய வேண்டும்.

4.1 பதிப்பில் இன்னொரு காவலும் உண்டு. அறிமுகத்தின்போதே, தன் பதிவுகளைக் கலைக்கும் கோரிக்கைகள் தன் கணினிச் சான்றோடு வந்தால் மட்டுமே ஏற்க வேண்டும் என்று கிளையன்ட் சர்வரிடம் கேட்டுக்கொள்ளலாம். பெயர் தற்செயலாக ஒத்துப்போனவரிடமிருந்து மட்டுமல்ல, வேண்டுமென்றே பெயரைத் திருடி வருபவரிடமிருந்தும் இது காக்கும்.

பெயர் மாறிக்கொண்டே இருந்தால்

ஒரே பெயரில் இருவர் வருவது ஒரு குறை என்றால், ஒருவரே பல பெயரில் வருவது அதன் மறுபக்கம். ஒவ்வொரு துவக்கத்திலும் கணினிக்குப் புதுப் பெயர் கிடைத்தால் மோதல் வராது. ஆனால் வேறு தொல்லைகள் வரும். கணினி திடீரென நின்று எழுந்தால், புதுப் பெயரில் வரும் அதைச் சர்வர் புதியவராகவே எண்ணும். பழைய பெயரில் இருந்த பூட்டுகள் குத்தகை முடியும்வரை அப்படியே கிடக்கும். கணினி, தான் போட்ட பூட்டு திறக்கத் தானே காத்திருக்க நேரும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் தோராயமாக ஓர் எண்ணை உருவாக்கிப் பெயரோடு சேர்ப்பது தீர்வாகாது. தனித்தன்மை, நிலைத்தன்மை இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அடையாளம் தன் வேலையைச் செய்யும். ஒன்றைக் காக்கப்போய் மற்றொன்றை இழப்பதுதான் இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

மோதலைத் தவிர்க்கும் வழிகள்

முதல் வழி மிக எளியது: ஒரு சர்வரை அணுகும் எல்லாக் கணினிகளுக்கும் வெவ்வேறு ஹோஸ்ட்நேம் கொடுப்பது. கணினிகள் குறைவாக உள்ள இடங்களில் இதுவே போதும். டொமைன் பெயரையும் சேர்த்து முழுப் பெயராக வைத்தால், வேறு கிளையில் அதே குறும்பெயர் இருந்தாலும் மோதாது.

ஹோஸ்ட்நேமை நம்ப முடியாத இடங்களுக்கு லினக்ஸ் கெர்னலின் என்எஃப்எஸ் பகுதியில் தனி அடையாளம் என்ற அமைப்பு இருக்கிறது. 64 எழுத்து வரை கொண்ட ஒரு தொடரை அதில் கொடுத்தால், கிளையன்ட் அதை ஹோஸ்ட்நேமுக்கு முன்னால் சேர்த்து அடையாளச் சரத்தை அமைக்கும். ஹோஸ்ட்நேம் ஒன்றாக இருந்தாலும் இந்தத் தொடர் வேறாக இருப்பதால் பெயர்கள் பிரிந்துவிடும். வட்டில்லாமல் துவங்கும் கணினிகளுக்கு இதைக் கெர்னல் துவக்க வரியிலேயே கொடுக்கலாம்.

அந்தத் தொடரை எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்த கேள்வி. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் நிறுவும்போதே ஒவ்வொரு கணினிக்கும் 128 பிட் கொண்ட மெஷின் ஐடி ஒன்று உருவாகி ஒரு கோப்பில் சேமிக்கப்படுகிறது. அது ரீபூட்டில் மாறாது. ஹோஸ்ட்நேம் மாறினாலும் மாறாது. ஆனால் மெஷின் ஐடியை அப்படியே பிணையத்தில் அனுப்பக் கூடாது. அதை ரகசியமாகக் கருத வேண்டும் என்று அதன் ஆவணமே கூறுகிறது. அதிலிருந்து ஹாஷ் முறையில் வேறோர் எண்ணைக் கணக்கிட்டு, அதைக் கொடுப்பதே முறை.

நகலெடுக்கும் மாதிரியில் மெஷின் ஐடியும் சேர்ந்து நகலாகிவிட்டால் இந்த ஏற்பாடும் பயனற்றுப் போகும். எனவே மாதிரியை முத்திரையிடும் முன் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு நகலும் முதல் துவக்கத்தில் தனக்கென்று புதிய ஐடியை உருவாக்கிக்கொள்ளும். ஹோஸ்ட்நேம், பாதுகாப்புத் திறவுகோல்கள் முதலியவற்றையும் இதே கட்டத்தில் நீக்குவது நல்ல வழக்கம். நினைவகத்தோடு நகலெடுக்க நேர்ந்தால், அதற்கு முன் என்எஃப்எஸ் மவுண்ட்களை எல்லாம் விலக்கி, நகலை ஒரு முறை ரீபூட் செய்த பிறகே பயன்பாட்டுக்கு விடுவது பாதுகாப்பானது.

கன்டெய்னர்களுக்கு மொத்தக் கணினிக்கும் பொதுவான அமைப்பு போதாது. அதனால் கெர்னல், ஒவ்வொரு பிணையவெளிக்கும் தனி அடையாளம் எழுதத் தனிக் கோப்பு ஒன்றைக் கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்எஃப்எஸ் அடைவில் வழங்குகிறது. பிணையவெளி உருவான உடனேயே, இத்தகைய நிகழ்வுகளைக் கவனித்துச் செயல்படும் யூடெவ் சேவையின் விதி ஒன்றின் வழியாக அதை நிரப்பிவிடலாம். முதல் மவுண்டுக்கு முன்பே எழுதுவது இங்கே முக்கியம். மவுண்ட் நடந்த பிறகு எழுதினால், சர்வரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்ட பெயர் மாறாது. கன்டெய்னர் அழிந்து மறுபடி உருவானாலும் அதே அடையாளம் அதற்குக் கிடைக்கும்படி, அதை வெளியே ஓரிடத்தில் சேமித்தும் வைக்க வேண்டும்.

கண்டறிதலும் சரிசெய்தலும்

மோதல் இருப்பதாக ஐயம் எழுந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் சர்வர். 2019-இல் வந்த லினக்ஸ் 5.3 முதல், சர்வரின் ப்ராக் அடைவுக்குள் ஒவ்வொரு என்எஃப்எஸ் கிளையன்டுக்கும் தனி உள்ளடைவு இருக்கிறது. அங்குள்ள விவரக் கோப்பில் கிளையன்டின் 64 பிட் எண், ஐபி முகவரி, அடையாளச் சரம் ஆகியவை தெரியும். ஆரோக்கியமான சர்வரில் ஒரு சரத்துக்கு ஒரே முகவரி நிலைத்து நிற்கும். சில நொடிகள் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, ஒரே சரத்துக்கு முகவரி மாறி மாறி வந்தாலோ, கிளையன்ட் எண் தொடர்ந்து புதிதாகிக்கொண்டே போனாலோ, இரட்டைகள் இருப்பது ஏறத்தாழ உறுதி. லோக்கல்ஹோஸ்ட் என்று முடியும் சரம் கண்ணில் பட்டால், இன்னும் மோதல் தொடங்காவிட்டாலும் அது எச்சரிக்கையே.

அடுத்தது பிணையப் போக்குவரத்து. வயர்ஷார்க் போன்ற கருவியால் சர்வரின் போக்குவரத்தைப் பதிவுசெய்து பார்த்தால், அடையாளப் பரிமாற்றக் கோரிக்கைகள் தனியே தெரியும். ஒரு கிளையன்ட் வழக்கமாக மவுண்ட் செய்யும்போதும் மீட்பின்போதும் மட்டுமே அதை அனுப்பும். இரண்டு முகவரிகளிலிருந்து ஒரே சரமும் வெவ்வேறு துவக்க எண்ணும் மாறி மாறி வருவது, மோதலுக்கு மறுக்க முடியாத ஆதாரம்.

சரிசெய்யும் வரிசையும் முக்கியம். மோதும் கணினிகளில் ஒன்றில் நடக்கும் வேலைகளை முதலில் முறையாக நிறுத்த வேண்டும். அந்தச் சர்வரிலிருந்து மவுண்ட் செய்த எல்லாக் கோப்பகங்களையும் அதில் விலக்க வேண்டும். ஒரு மவுண்ட் மிஞ்சியிருந்தாலும் கிளையன்ட் பழைய பெயரையே தொடரும். பிறகு ஹோஸ்ட்நேமையோ தனி அடையாளத்தையோ மாற்றி, அந்த மாற்றம் ரீபூட்டுக்குப் பின்னும் நிற்கிறதா என்று சோதித்து, மீண்டும் மவுண்ட் செய்ய வேண்டும். கணினியை ரீபூட் செய்துவிடுவது இவை எல்லாவற்றையும் ஒருசேர உறுதிப்படுத்தும். மோதல் நடந்த காலத்தில் இரண்டு கணினிகளும் எழுதிய கோப்புகளை, குறிப்பாகப் பூட்டை நம்பி இயங்கும் தரவுத்தளங்களையும் அஞ்சல் பெட்டிகளையும், சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது.

பெயரும் சான்றும் ஒத்துப்போனால் சர்வர் நம்பியே ஆக வேண்டும். ரீபூட் ஆன ஒரு கணினியையும் அதன் இரட்டையையும் பிரித்துப் பார்க்க அதனிடம் வேறு கருவி இல்லை. சான்று வேறுபடும்போது மறுப்பது மட்டுமே அதன் கையில் உள்ளது. தனித்தன்மைக்கும் நிலைத்தன்மைக்கும் பொறுப்பு முழுவதும் கிளையன்டின் பக்கத்தில், அதை அமைக்கும் நிர்வாகியிடம் இருக்கிறது. புதிய கணினியைப் பிணையத்தில் சேர்க்கும்போதே அதன் என்எஃப்எஸ் அடையாளத்தையும் அமைத்துவிடுவது சில நிமிட வேலை. பலரும் நம்பித் தங்கள் உழைப்பைச் சேமித்து வைக்கும் கோப்புகளுக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் காவல்.